இஞ்சினில் வைத்த பொட்டு

கல்யாணமாகி தொம்மலூருக்கு வந்த பிறகு வந்த முதல் ஆயுத பூஜை. மாமனாரின் பழைய காரை நான்தான் அலங்கரித்தேன். நல்ல பெயர் வாங்கும் ஆசை. சக்கரம், ஸ்டியரிங்கோடு நிறுத்தாமல், பானெட்டைத் திறக்கச் சொல்லி இஞ்சினில் கைக்கு எட்டிய இடமெல்லாம் சந்தனம் வைத்துக் குங்குமமும் இட்டேன். மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காரை அவரைத் தவிர யாரும் ஓட்டியதில்லை.

அடுத்த வாரம் என் கணவர் டைமிங் லைட் ஒன்றை வாங்கி வந்தார். சாஃப்ட்வேர் வேலை; எதையும் அளந்து பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். ஓடுகிற இஞ்சினில் அந்த விளக்கைக் காட்டினால், சுழலும் புல்லியில் உள்ள வெள்ளை அடையாளம் நின்றுவிட்டது போலத் தெரியும். அது எதிரே இருக்கும் முள்ளுக்கு நேராக இருந்தால், பிளக்கில் பொறி சரியான நேரத்தில் விழுகிறது என்று அர்த்தம். நேராக இல்லை. பொறி விழும் நேரத்தை மாற்றும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி நேராக்கினார்.

அதிலிருந்து கார் மேடு ஏறினாலே கடகடவென்று அடித்துக்கொண்டது. ஒக்கலிபுரத்தில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய் வந்த மாமா, ரயில் பாலத்தடியிலிருந்து மேலே ஏறும்போது சத்தம் வருகிறது என்றார். இவர் மறுபடியும் விளக்கை வைத்துப் பார்த்தார். அடையாளம் இம்மியும் பிசகவில்லை.

"டைமிங் கரெக்டா இருக்குப்பா. டாப் கியர்லயே மேடு ஏத்தினா இஞ்சின் அடிக்காம என்ன பண்ணும்? வயசாச்சு உங்களுக்கு. இனிமே நானே ஓட்டறேன்."

அதுதான் நல்லது மாமா என்று நானும் ஒத்து ஊதினேன். பெரிய கரிசனம்! மாமா சாவியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அப்புறம் அக்கா வீட்டுக்கு பஸ்ஸில்தான் போய் வந்தார்.

இவர் ஓட்டியபோதும் அதே சத்தம். கியரை மாற்றி மாற்றிப் பார்த்தார், பெட்ரோலைத் திட்டினார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க, நான் விளக்கைப் பிடித்தேன். அசையாமல் நின்ற வெள்ளையின் நடுவே சிவப்பாக ஏதோ தெரிந்தது. இஞ்சினை நிறுத்தச் சொல்லிக் குனிந்து பார்த்தேன். நான் வைத்த சந்தனம், காய்ந்து வெளுத்திருந்தது. நடுவில் நான் இட்ட குங்குமம். துணியால் புல்லியின் அழுக்கைத் துடைத்ததும், கொஞ்சம் தள்ளி உண்மையான கோடு வெளியே வந்தது. இவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அந்தக் கோட்டுக்கு டைமிங்கைத் திருத்தியதும் சத்தம் போய்விட்டது. சாவியை எடுத்துக்கொண்டு போய் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்தார். சும்மா என்பதற்கு அவர் வாயில் கன்னடம்தான் வரும்.

"சும்னே இரும்மா. பூஜைக்கு வச்சதுதானே."

அந்த வாரம் அவரோடு நானும் ஒக்கலிபுரம் போனேன். பாலத்தடி மேட்டில் கார் சிரமமில்லாமல் ஏறியது. தேவையே இல்லாமல் இரண்டாவது கியருக்கு இறங்கி, மாமா என் பக்கம் திரும்பினார்.

"சத்தம் ஏதாவது வருதாம்மா?"

இல்லை மாமா என்றேன். யாரையும் கேட்டு ஓட்டியவர் இல்லை அவர். அதன்பின் அந்தக் கார் இருந்தவரை, ஒவ்வொரு மேட்டிலும் என்னைக் கேட்டார்.