இரண்டு முழம் அதிகம்

1947 பிப்ரவரி 8, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். வானத்தில் மேகம் இல்லை. காற்று மணலை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. தூத்துக்குடிக்கும் வேம்பாருக்கும் நடுவே, கடல் வற்றும் நேரத்தில் மட்டும் தலைகாட்டும் ஒரு மணல் திட்டின் மேல் ஜீப்பை ஓட்டிக்கொண்டு ஒரு சிறு தீவுக்குப் போனோம்.

மூன்று பேர். பட்டாளத்தார் ஏலம் விட்ட அந்த ஜீப்பை வாங்கியிருந்த மளிகைக் கடை நண்பன். வழிகாட்ட வந்த, கடலில் மூழ்கிச் சங்கெடுக்கிற, என் வயதே இருக்கும் சங்கு குளிப்பவர். உப்பு மண்டியில் கணக்கு எழுதிய நான். இரண்டு நாள் கூடாரம் போட்டுத் தங்குவதாக ஏற்பாடு. எனக்கு விருப்பமே இல்லை. நண்பன் விடவில்லை.

தண்ணீர் என் பொறுப்பு. மூன்று பேருக்கு, இரண்டு நாளைக்கு, இரண்டு மண்குடம் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஜீப் மணல்மேட்டில் ஏறிக் குதித்ததில் ஒன்று உடைந்தது. மற்றதில் முக்கால்வாசியைக் கொதித்துப்போன ரேடியேட்டர் குடித்துவிட்டது. மிச்சத்தை இரவுக்குள் நாங்கள் தீர்த்தோம்.

மறுநாள் காலையில் நண்பனுக்கு வாந்தி. பதினோரு மணிக்குள் ஒன்பது தடவை எண்ணினேன். நாக்கு வறண்டு, கண் செருகத் தொடங்கியது. வந்த மணல் திட்டு கடலுக்குள் மூழ்கியிருந்தது; சாயங்காலம்தான் ஜீப் போக முடியும்.

சங்கு குளிப்பவர் மணல்மேட்டின் அடியில் ஒரு முழம் தோண்டினார். கொஞ்ச நேரத்தில் ஈரம் கசிந்து தண்ணீர் தேங்கியது. சிரட்டையால் மொண்டு ஒரு செம்பு நிரப்ப அரைமணி நேரம் ஆனது. நல்ல தண்ணீர். அதை நண்பனுக்குப் புகட்டினோம்; போதவில்லை.

"மண்ணத் தொட்டுராதிய அண்ணாச்சி. அது பாட்டுக்கு ஊறட்டும்" என்று சொல்லிவிட்டு, நண்பனுக்கு நிழல் கட்டக் கம்பு தேடிப் போனார்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு முழத்துக்கு அரைமணியில் ஒரு செம்பு என்றால், மூன்று முழத்துக்கு மூன்று செம்பு. ஜீப்பில் இருந்த மண்வெட்டியை எடுத்து இன்னும் இரண்டு முழம் வெட்டினேன். குபுகுபுவென்று வந்தது. பெருமையாகக் கொண்டுபோய் நண்பன் வாயில் ஊற்றினேன். அவன் அப்படியே துப்பினான்.

"ஏலே, கொல்லப் பாக்கியா? உப்புலே!"

கம்போடு திரும்பியவர் குழியைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார். "மாதாவே! நல்ல தண்ணி மேலதான் நிக்கும் அண்ணாச்சி, அடியில கெடக்கது கடலு. நீங்க கடலயில்லா தோண்டிட்டிய!"

வேறு மூன்று இடங்களில் தோண்டிப் பார்த்தார். எல்லாம் உவர்ப்பு. அந்தத் தீவுக்கு ஊற்று அது ஒன்றுதான். பிறகு காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு, நெஞ்சளவு தண்ணீரில் இறங்கிக் கரைக்குப் போனார். நான் நண்பனின் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பலமுறை எண்ணிக்கை தவறியது.

இரண்டு மணி பத்து நிமிடம் கழித்துத் தலையில் குடத்தோடு வந்தார். வலது உள்ளங்காலைச் சிப்பி கிழித்து, மணலில் ரத்தம் சொட்டியது. நண்பன் மடக்கு மடக்காகக் குடித்தான். அந்தியில் எழுந்து உட்கார்ந்து, "எத்தன மடக்கு, எண்ணுனியா?" என்று கேட்டான். பிழைத்துக்கொண்டான் என்று அப்போதுதான் நம்பினேன்.

அந்தக் காலோடு அவரால் பதினொரு நாள் கடலில் இறங்க முடியவில்லை. அதுவோ சங்கு குளிக்கும் பருவம். நாளுக்குப் பன்னிரண்டணா வீதம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நீங்க எண்ணியிருப்பிய, நான் எண்ணண்டாம்" என்று சிரித்து மடியில் முடிந்துகொண்டார்.

எண்பது வயதைத் தாண்டிய பிறகும் எண்ணுகிற புத்தி போகவில்லை, அலுப்புத்தான் கூடியிருக்கிறது. ஆனால் எதையும் பெருக்கி விடை எழுதுமுன், அடியில் என்ன கிடக்கிறதோ என்று கை ஒரு கணம் நின்றுவிடுகிறது, அப்படி நிற்பதற்கு நான் கொடுத்த விலை எட்டு ரூபாய் நாலணா.