காலருக்குள் மூணு தையல்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்குப் பேர் கறையக்கா. பெற்றவர்கள் வைத்த பேர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. ஆபரேஷன் அறை மூட்டையைப் பிரித்தால் மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள், இவள் நேரே கையை விடுவாள். "சுடுதண்ணிய ஊத்தாதடி பாவி! ரத்தம் வெந்து நூல்ல ஒட்டிக்கும். பச்சத்தண்ணி, உடனே, கையால!" என்று புதிதாக வந்தவளிடம் இவள் போடும் சத்தம் கேட்டைத் தாண்டிக் கேட்கும்.

அங்கே துணி மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு நூல் அடையாளம் உண்டு. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. புதுச் சட்டை எடுத்தால், போடுவதற்கு முன்பே காலருக்கு உள்பக்கம் சிவப்பு நூலில் மூணு தையல் விழுந்துவிடும். "என்னையும் வார்டுல சேத்துட்டியா?" என்று புருஷன் கேலி பண்ணுவான். "வாய மூடிக்கிட்டுப் போடுங்க" என்பாள் இவள்.

சண்டை வந்தது வேலியால். பக்கத்துத் தோட்டத்துக்காரன் வேலியை ஒரு முழம் தள்ளி நட்டான், புருஷன் போய்க் கேட்டான். கேட்டதென்னவோ ஒரு கேள்விதான். வந்து நின்றது பத்துப் பேர், கையில் கட்டையோடு. தோட்டத்துக்காரனின் ரெண்டு மச்சான்களில் ஒருத்தன் விட்ட குத்தில் புருஷனுக்கு மூக்கு உடைந்தது, நீலக் கட்டம் போட்ட சட்டையெல்லாம் ரத்தத்தோடு வீட்டுக்கு வந்தான். வேறொருத்தியாக இருந்தால் "ஐயோ, என்னாச்சு?" என்றிருப்பாள். கறையக்கா சொன்னது, "முதல்ல சட்டையக் கழட்டுங்க." பச்சத்தண்ணியில் முக்கி, கசக்கி, மூணு தண்ணி அலசிக் கொடியில் போட்டாள். அது சொட்டி முடிக்கும் முன்பே தகவல் வந்தது. புருஷன் கிளம்பி வந்த பிறகும் அந்தக் கூட்டத்துக்குள் கைகலப்பு நடந்திருக்கிறது, தோட்டத்துக்காரன் மண்டை உடைந்து வேலியோரமாகவே செத்துக் கிடக்கிறான்.

அடித்தவன் யாரோ, அந்தக் கூட்டத்தில் யார் கண்டது! மச்சான்கள் ரெண்டு பேரும் ஒரே வாயாக இவள் புருஷனைக் கை காட்டினார்கள். மறுநாள் காலையிலேயே போலீஸ் அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

வாதாட வந்த வக்கீல் இவளிடம் கேட்டது ஒரே கேள்வி. "சட்டை எங்கம்மா?"

"அலசிட்டேன் சார்."

அவர் தலையில் கை வைத்தார். "வாய் தவறிக்கூட வெளிய சொல்லாத. தடயத்த அழிச்சன்னு உன்னையும் தூக்கி உள்ள போட்டுருவாங்க. கோர்ட்டுப் பக்கமே எட்டிப் பாக்காத."

எட்டிப் பார்க்கவில்லை. புருஷனிடமும் அதையே சொல்லி வைத்திருந்தார் அந்த மகராசன். ஆயுள் தண்டனை என்று ஒரு நாள் சொல்லி அனுப்பினார்கள். தீர்ப்பு நகலைக் கையில் வாங்கினாள், முதல் பக்கத்து எண்களும் பிரிவுகளும் ஒன்றுமே புரியவில்லை. டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

அப்பீலும் போட்டு, கைதான நாளிலிருந்து ஆறு வருஷம் ஓடியது. இவள் நாக்கு விஷமாகிப் போனது அந்த ஆறு வருஷத்தில்தான். மேஸ்திரி, பஸ் கண்டக்டர், பக்கத்து வீட்டுக்காரி என்று யார் சிக்கினாலும் கிழித்துத் தோரணம் கட்டினாள். கோபப்பட வேண்டியவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லையே, பாவம் அவள் என்ன செய்வாள்!

ஒரு வழியாக வழக்கு விசாரணைக்கு வந்தது. அப்பீலை நடத்த வந்த வக்கீலம்மா சின்ன வயசுக்காரி. தீர்ப்பைப் பிரித்து வரி வரியாக வாசித்துச் சொன்னாள். "மச்சானுங்க சாட்சிய மட்டும் வெச்சு ஜட்ஜ் தீர்ப்பு சொல்லலக்கா. சட்டைதான் கவுத்திருக்கு. கிணத்து மேட்டுப் புதர்லேருந்து உங்க வீட்டுக்காரரே போலீஸ்கிட்ட எடுத்துக் குடுத்தாராம். ரத்தக்கறையோட நீலக் கட்டம் போட்ட சட்டை."

"கறையா?" இவள் எழுந்தேவிட்டாள். "நான் அலசின சட்டையில கறையா? எவன்டி சொன்னான்? முப்பது வருஷமா இந்தக் கையில..."

"அக்கா, உக்காருங்க. அலசினீங்களா? அப்ப அந்தச் சட்டை எங்க?"

"எங்க போகும்? பெட்டியில இருக்கு. இந்தத் தீர்ப்புக் காகிதத்துக்கு அடியிலதான்."

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "காகிதத்துக்கு அடியில" என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். அப்புறம் பேனாவை எடுத்தாள்.

பெட்டியிலிருந்த சட்டை மனுவோடு கோர்ட்டுக்குப் போனது. கைதான அன்று புருஷன் போட்டிருந்த துணியை ஜெயிலில் மூட்டை கட்டி வைத்திருந்தார்கள், அதுவும் வந்தது. புதரில் கிடைத்ததாகப் போலீஸ் கொடுத்திருந்த சட்டையின் பொட்டலத்தை அரக்கு உடைத்துப் பிரித்தார்கள். மேலே உட்கார்ந்திருந்த ரெண்டு நீதிபதிகளில் மூத்தவர் காலர்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். பெட்டிச் சட்டையில் சிவப்பு நூல், மூணு தையல். ஜெயில் துணியிலும் அதே மூணு தையல். போலீஸ் சட்டையில் ஒன்றுமில்லை.

"நல்லாப் பாருங்கய்யா! ஊசி போன துவாரம்கூட இருக்காது!" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். சேவகன் ஓடிவந்து அதட்டினான். இவள் முறைத்த முறைப்பில் வந்த வழியே திரும்பிப் போனான்.

ரெண்டு வாரத்தில் தீர்ப்பு வந்தது. அந்தச் சட்டையை நம்ப முடியாது, மச்சான்கள் சாட்சியும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை, விடுதலை. சட்டையைப் புதரில் வைத்தவன் யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஆறு வருஷத்தை யார் திருப்பித் தருவது என்றும் கேட்கவில்லை.

இவள் கொடுத்தனுப்பிய சட்டையைப் போட்டுக்கொண்டு ஜெயில் கேட்டில் அவன் வெளியே வந்தபோது தலை பாதி நரைத்திருந்தது. அழுவாள் என்று நினைத்திருப்பான் போல. இவள் நேரே போய் மாரில் ரெண்டு குத்து விட்டாள்.

"கோர்ட்டுல அந்தச் சட்டையக் காட்டினாங்கல்ல? உங்களுது இல்லன்னு ஏன்யா சொல்லல?"

"தூரத்துலேருந்து காட்டினாங்க. நம்ம கட்டம் மாதிரிதான் இருந்துச்சு. கொடியிலேருந்து எடுத்துட்டுப் போய், புதர்ல கெடந்ததா போலீஸ் எழுதிக்கிட்டாங்கன்னு இருந்தேன்." அவன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். "அவசரத்துல அலசினியே, கறை சரியாப் போகல போலன்னு நெனச்சேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல? மாசா மாசம் கம்பிக்கு இந்தப் பக்கம் வந்து நின்னேனே!"

"சொன்னா, உன் கையாலதான் நான் உள்ள போனேன்னு நெனச்சு நெனச்சே நீ செத்துருவ. அதான்."

கறையக்கா அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள், திருப்பினாள், அந்த மூணு தையல் மேல் நெற்றியை வைத்து முட்டினாள். அப்புறம்தான் அழுகை வந்தது.

"நான் அலசி ஒரு கறை நிக்குமாய்யா?" என்றாள். "ஆறு வருஷம்! ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"