தொட்டிலின் முன்முனை

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும் சுவரில் சாய்ந்து நின்றேன். உட்கார்ந்தால் என்னை எழுப்ப இரண்டு பேர் வேண்டும். அந்த இருவரை நான் கூட்டிவரவில்லை.

மலாக்காவின் காஜா பேராங் பகுதியில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தேன். ஒரு காலை, பாயில் கிடந்த கைக்குழந்தை மகளைத் தூக்கக் குனிந்தபோது இடுப்பில் கத்தரி மூடுவது போல ஒரு சத்தம். அவளைத் தூக்கவில்லை. பக்கத்திலேயே விழுந்தேன். இருவரும் அழுதோம். அவளைத்தான் முதலில் சமாதானப்படுத்தினார்கள்.

கீழ்முதுகில் வட்டு விலகியிருக்கிறது (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல் இருக்கும் குருத்தெலும்பு பிதுங்கி நரம்பை நெருக்குவது) என்றார் மருத்துவர். பலகையில் அசையாமல் படுக்கச் சொன்னார்.

"எதையும் தூக்கக் கூடாது."

"பிள்ளையையுமா, ஐயா?"

"பிள்ளையத்தான் சொல்றேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு முன் இரண்டு கரு தங்கவில்லை. இந்தப் பிள்ளை தங்கினால், அவள் நடக்கப் பழகும் முன் கரும்புத் தொட்டிலில் கோயிலைச் சுற்றுவதாக என் மனைவி பார்வதி வேண்டியிருந்தாள். கரும்பில் துணி கட்டி, நடுவில் பிள்ளையைக் கிடத்தி, பின்முனையை அம்மாவும் முன்முனையை அப்பாவும் தோளில் சுமக்க வேண்டும்.

மலாயா விடுதலை பெற்ற அன்று பார்வதி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு திடலுக்குப் போனாள். நான் பலகையில் கிடந்து வானொலி கேட்டேன். எல்லோரும் எழுந்து நின்ற நேரத்தில் படுத்தே மரியாதை செய்த குடிமகன் நானாகத்தான் இருப்பேன்.

பார்வதி, தலைமுறைகளாக மலாய் பேசும் தமிழ் வம்சாவளியான மலாக்கா செட்டி குடும்பத்துப் பெண்; வீட்டில் மலாய்தான் பேசுவோம். பிள்ளை பெற்றவள் வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டும் நீளத்துணியை அவர்கள் பெங்கோங் என்பார்கள். நான் எழுந்ததும், தன்னுடைய பெங்கோங்கை எனக்குச் சுற்றினாள். வலி பாதியானது. கடையைத் திறந்தேன். சுகப்பிரசவமா என்று கேட்டார்கள் வாடிக்கையாளர்கள். பெற்றது தொப்பைதான், அப்பனை உரித்து வைத்திருக்கிறது என்றேன்.

மாதங்கள் போயின. துணியை அவிழ்த்தால் நிற்க முடியவில்லை. மாலைகளில் யோகாசனம் சொல்லித்தரும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் என்னிடம் முடிவெட்டிக்கொள்வார். மெதுவாகச் செய்தால் சரி என்று மருத்துவரும் ஒப்புக்கொண்டபின் அவரிடம் போனேன்.

"மொதல்ல அந்தத் துணிய அவுங்கண்ணே. ஒங்க வயிறு பாக்க வேண்டிய வேலைய அது பாக்குது. வயிறு லீவுல இருக்கு."

மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, மூச்சை விடும்போது தொப்புளை உள்ளே இழுக்க வேண்டும். அவ்வளவுதான் பாடம். எனக்கு வியர்த்துக் கொட்டியது. பிறகு சேதுபந்தாசனம் (இடுப்பைப் பாலம் போல உயர்த்துவது). நான் கட்டியது மலாக்கா ஆற்றில் ஒரு வாத்துகூட அடியில் போக முடியாத பாலம்.

அதற்குள் மகள் சுவரைப் பிடித்து நிற்க ஆரம்பித்தாள். ஊரெல்லாம் சந்தோஷப்பட்டது. நான் நாட்களை எண்ணத் தொடங்கினேன்.

"வாத்தியாரே, அவ நின்னுட்டா லா."

"அவ வயிறு அவளுக்கு ஒழைக்குது. ஒங்களுக்கு இன்னும் நாள் வேணும்ணே."

நாள் இல்லை. கோயிலுக்குப் போன காலை, வேட்டிக்குள் பெங்கோங்கை மூச்சு முட்டக் கட்டிக்கொண்டேன். கரும்பு தோளில் ஏறியது. பிள்ளையின் பாரம் தெரிந்தது. பெருமையாக இருந்தது. பின்பக்க மூலையில் திரும்பும்போது இடது கால் காணாமல் போனது. வலிக்கவில்லை, கால் என்ற ஒன்றே இல்லை. பக்கத்தில் வந்த மைத்துனன் முன்முனையைத் தாங்கிப் பிடித்தான். தொட்டில் தரையைத் தொடவில்லை. மிச்சச் சுற்றை அவர்கள் முடித்தார்கள். நான் மதிலைக் கட்டிப்பிடித்துக் கிடந்தேன்.

வீட்டில் பார்வதி துணியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள். "போதும், அபாங்," என்றாள்; மலாயில் கணவனைக் கூப்பிடுவது அப்படித்தான். வேண்டுதல் நிறைவேறியதா என்று நான் கேட்கவில்லை. அவள் துணியை மடித்து வைத்தாள்.

மறுபடியும் பலகை. மறுபடியும் தொப்புள். இதே வலியோடு இதை வாசிப்பவருக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். எழுந்து நடமாடத் துணி உதவும். அது தாங்குவதை உங்கள் பலம் என்று நம்பிவிடாதீர்கள்.

இடது பாதம் இன்னும் மரத்தே இருக்கிறது. முன்பெல்லாம் உடம்பு என்றால் எனக்கு முகமும் கையும் நாக்கும்தான். இப்போது எதைச் செய்யுமுன்னும் வயிற்றைக் கேட்கிறேன். அது யோசித்துத்தான் பதில் சொல்கிறது. அது யோசிக்கும் நேரத்தில் மற்றவர்கள் வேலையை முடித்துவிடுகிறார்கள்.

போன வாரம் ஆசிரியர், தொட்டிலில் கிடந்த வயதில் மகள் இருந்த எடைக்கு ஒரு பையில் அரிசி கட்டிவந்தார். மூச்சை விட்டேன், தொப்புளை இழுத்தேன், துணியில்லாமல் தூக்கினேன். அவர் கைதட்டினார். மகள் வாசலில் கோழியைத் துரத்தி ஓடிக்கொண்டிருந்தாள்.

பையைக் கீழே வைத்தேன். அவள் இப்போது எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியாது. தூக்கியவர்களைத்தான் கேட்க வேண்டும்.