இரண்டு பேர் போட்ட சட்டை

சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் அடித்த ஆணியில் மூன்று சட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்குகின்றன. சந்தன நிறம், அரைக்கை, இடப்பக்கம் ஒரு பை. தி.நகரில் நான் வேலை பார்க்கும் பட்டுப்புடவைக் கடையின் சீருடை. ஆனால் இந்த மூன்றில் எதையும் இப்போது நான் போட முடியாது. போட்டால் தோள் தையல் முழங்கையில் வந்து நிற்கும். "இன்னாத்துக்கு இத்த மாட்டி வெச்சிகினு கீற? கிழிச்சா நல்ல கரித்துணி ஆவும்" என்று வீடு பெருக்கும்போதெல்லாம் மனைவி கேட்கிறாள். நான் காதில் விழாதது போல இருந்துவிடுவேன். அண்ணாச்சிக்கு நான் கொடுத்தது நான்கு சட்டைகள். அவர் கடையை விட்டுப் போகும்போது துவைத்து இஸ்திரி போட்டுத் திருப்பிக் கொடுத்தது மூன்றுதான். பில் போடும் பேனா கசிந்து பையின் அடியில் நீலக் கறை பிடித்த அந்த நான்காவது சட்டை மட்டும் வரவில்லை.

அண்ணாச்சி எனக்கு உறவு கிடையாது. முதலாளியின் ஊர்ப்பக்கத்துக்காரர், தூத்துக்குடியைத் தாண்டி ஏதோ ஒரு ஊர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கடையில் மற்ற எல்லாருக்கும் ரெடிமேடில் சீருடை எடுப்பார்கள். எங்கள் இருவர் பருமனுக்கு மட்டும் அது பொருந்தாது, துணி வெட்டித் தைக்கக் கொடுப்பார்கள். டெய்லர் என்னை மட்டும்தான் அளவெடுப்பார். அதே அளவில் எட்டுச் சட்டை தைத்து ஆளுக்கு நான்காகக் கொடுத்துவிடுவார். யாருடையது யாரிடம் இருக்கிறது என்று நாங்கள் பார்த்ததே இல்லை. எனக்குப் பட்டுப் பிரிவு, அவருக்குக் காட்டன் பிரிவு. பதினொரு மணி டீக்கு இருவரும் சேர்ந்து கீழே இறங்கினால் படிக்கட்டில் எதிரே வருபவர்கள் சுவரோடு ஒட்டி நின்றுகொள்வார்கள். நாங்கள் அதற்கும் சிரிப்போம்.

பட்டு விற்பவன் வாயால் விற்கிறான் என்றுதான் வெளியில் நினைக்கிறார்கள். நான் உடம்பால் விற்றேன். புடவை விரித்துப்போடும் மெத்தைமேல் எழுந்து நின்று, சட்டைக்கு மேலேயே புடவையைச் சுற்றி, கொசுவத்தை பெல்ட்டில் செருகி, முந்தியைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடிப் பக்கம் திரும்புவேன். மெலிந்த பையன்கள் உடுத்திக் காட்டினால் பெண்கள் அழகாக இருக்கிறது என்பார்கள், எடுக்க மாட்டார்கள். நான் உடுத்திக் காட்டினால் எதிரே உட்கார்ந்திருக்கும் பருமனான அம்மாவின் முகம் தெளிந்துவிடும். இந்த இடுப்புக்கே எடுப்பாக இருக்கிறது, நமக்கு என்ன குறைச்சல் என்று அவர் நினைப்பது எனக்குக் கேட்கும். மயிலாப்பூரிலிருந்து ஒரு பாட்டு டீச்சர் வருவார். மார்கழிக் கச்சேரிகளுக்கு முன்னால் வருடம் தவறாமல் வந்துவிடுவார், அவரும் நல்ல கனம். மாடிக்கு வந்ததுமே, "அந்த குண்டா இருப்பாரே, அவர்ண்டதான் நான் பாப்பேன்" என்று என் காதுபடவே சொல்வார். எனக்குக் கோபம் வந்ததில்லை. அந்த மாடியில் அதைவிடப் பெரிய பட்டம் வேறு யாருக்கு இருந்தது?

அந்த உடம்புதான் என்னைப் படுத்தவும் செய்தது. சர்க்கரை ஏறியது, முட்டி போனது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. வயிற்றின் பெரும்பகுதியை எடுத்துவிட்டுச் சின்னதாக்கும் ஆபரேஷனைச் செய்துகொள்வதுதான் நல்லது என்றார்கள். அண்ணாச்சிக்கும் அதே சர்க்கரை, அதே முட்டி. இருவரும் சேர்ந்தே செய்துகொள்வோம் என்று கூப்பிட்டுப் பார்த்தேன். "நல்லாருக்க வயித்த எதுக்குலே வெட்டச் சொல்லுத? நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். ஆனால் ஆபரேஷன் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நாள் முழுக்க என் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். பயத்தில் ஒரு பை முறுக்கையும் தின்று தீர்த்தாராம். இதை மனைவி பின்னால் சொன்னபோது எனக்கு முதலில் தோன்றியது நன்றி இல்லை. முழுசாக ஒரு பை முறுக்கா என்றுதான் தோன்றியது.

உடம்பு இறங்கியது. தெருவில் எல்லாரும் புகழ்ந்தார்கள். வேலைக்குத் திரும்பினேன். எங்கள் கடையில் மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட சாப்பாட்டுக் கூடம் உண்டு. எல்லாருக்கும் மதியச் சாப்பாடு அங்கேதான். நான் ஒரு சின்னக் கிண்ணத்தில் குழைந்த சோற்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பருக்கையாக மென்றுகொண்டிருப்பேன். ஒரு வாய் கூடினால் நெஞ்சில் கல்லாக நிற்கும், வேர்க்கும், ஓடிப்போய் வாந்தி எடுக்க வேண்டும். எதிரே அண்ணாச்சி சாம்பார் சோற்றுமேல் அப்பளத்தை நொறுக்குவார். அந்தச் சத்தத்தின் மேல் எனக்கு வந்த பொறாமையை இன்னும் மறக்கவில்லை. சாப்பிடுகிற மனிதனை அடிக்கலாம் போல இருக்கும். அவரோ பாவம், என்னைப் பார்த்ததும் அப்பளத்தை மெதுவாக ஒடிக்க ஆரம்பித்தார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. ரொம்ப நேரம் நிற்க முடியாததால் என்னை ஜாக்கெட் துணிப் பிரிவில் உட்கார வைத்தார்கள். என் மெத்தைக்கு அண்ணாச்சி போனார். சட்டைகள் எனக்குப் பெரிதாகிவிட்டதால் நானே அவற்றையும் மடித்து அவர் கையில் கொடுத்தேன்.

அதற்கப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை. தட்டைக் கண்டாலே படபடப்பு வந்தது. பஸ்ஸில் நெஞ்சு அடித்துக்கொள்ளும், பாதி வழியில் இறங்கிவிடுவேன். தலைமுடி கொத்தாகக் கொட்டியது. வயிற்றுத் தோல் தளர்ந்து தொங்கியது, குளிக்கும்போது அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் குளித்தேன். பிறகு ஒருநாள் வேலைக்குப் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, அப்படியே மாதங்கள் போயின. அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கட்டில் ஓரத்தில் உட்காருவார். "என்னலே, எப்படி இருக்க?" என்பார். "நல்லாத்தான் கீறேன் அண்ணாச்சி" என்று சுவரைப் பார்த்தபடி சொல்வேன். அவர் பட்டுப் பிரிவில் என்ன விற்றது, யார் வந்தார்கள் என்று சொல்லிக்கொண்டிருப்பார். என் இடத்தில் உட்கார்ந்துகொண்டு என்னிடமே வந்து கதை சொல்கிறாரே என்று ஒரு துளி பொறாமையாவது வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதுவும் வற்றிப் போயிருந்தது. விடியாமலே இருந்துவிட்டால் தேவலை என்று ஒருநாள் மனைவியிடம் சொன்னேன். அவள் அழவில்லை. அன்றைக்கே என்னை அடையாற்றில் ஒரு மனநல டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் என்னைவிட இளையவர், நிதானமாகப் பேசுகிற பெண்மணி. "இத்தனை வருஷமா சந்தோஷம்னாலும் துக்கம்னாலும் சாப்பாட்டுக்கிட்டதான போனீங்க? அந்தக் கதவை மூடியாச்சு. ஆபரேஷனுக்கு அப்புறம் சில பேருக்கு இப்படி ஆகும். இதுவும் வியாதிதான், சரி பண்ணலாம்" என்றார். ஆபரேஷனுக்கு முன்பே இதை யாரோ சொல்லியிருந்தார்கள். இளைக்கப் போகிற குஷியில் எனக்குக் காதில் ஏறவில்லை. மாத்திரை கொடுத்தார், வாரம் ஒருமுறை வந்து பேசச் சொன்னார். போகும்போதெல்லாம் ஒரே கேள்வி கேட்பார்: "இந்த வாரம் ஏதாவது வேணும்னு தோணிச்சா?" நான், "ஒண்ணியும் இல்ல டாக்டர்" என்பேன். சரி என்று எழுதிக்கொள்வார். தூக்கம் வந்தது, படபடப்பு குறைந்தது, மறுபடி கடைக்குப் போகவும் ஆரம்பித்தேன். வேண்டும் என்பது மட்டும் வரவே இல்லை. பழையபடி ஜாக்கெட் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து, கேட்ட நிறத்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திகை மாதம், ஒரு மத்தியானம். மாடி நிறையக் கூட்டம். தலை நிமிர்ந்து பார்த்தால் என் பழைய இடத்துக்கு எதிரே பாட்டு டீச்சர் உட்கார்ந்திருக்கிறார். படியேறி வரும்போது என்னைக் கடந்துதான் வந்திருக்க வேண்டும். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. மெத்தைமேல் அண்ணாச்சி நிற்கிறார், என் நீலக் கறைச் சட்டையில். பித்தான் எல்லாம் இழுத்துப் பிடித்திருக்க, உள்ளே வயிறு நிறைவாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு அரக்குப் புடவையை உடுத்திக் காட்டிக்கொண்டிருந்தார். கொசுவம் அகல அகலமாக இருந்தது. முந்தியைக் குட்டையாக விட்டிருந்தார். கனமான உடம்புக்கு அப்படிக் கட்டினால் பார்ப்பவர் கண் நேராக இடுப்பில் போய் நிற்கும். டீச்சர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "எனக்கு இது வேண்டாம்னு தோண்றது" என்றார்.

என் காது சூடானது. முதலில் மறுபடி படபடப்புதான் வருகிறது என்று பயந்தேன். அது இல்லை. அது என் டீச்சர், என் மெத்தை, என் சட்டை, அந்தச் சட்டைக்குள் இருக்கும் அந்த வயிறுகூட என்னுடையது. இந்த ஆளுக்கு என்ன உரிமை? இத்தனை மாதமாக மாத்திரையும் பேச்சும் சேர்ந்து ஈரமாக்கி வைத்திருந்த இடத்தில் பொறாமை குபுக்கென்று ஊறியது. நான் எழுந்து போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தைமேல் ஏறினேன். "கொஞ்சம் நவுருங்க அண்ணாச்சி" என்று புடவை நுனியைப் பிடித்தேன். எனக்கே உடுத்திக்கொள்ளத்தான் கை போனது. பக்கத்துக் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். அந்த உடம்பில் எதைச் சுற்றினாலும் கொடியில் காயப்போட்ட மாதிரிதான் இருக்கும்.

அதனால் அவருக்கே கட்டினேன். கொசுவத்தைப் பிரித்து, ஒரு விரல் அகலத்துக்கு மறுபடி மடித்து, அவர் பெல்ட்டில் செருகினேன். முந்தியை முழங்காலுக்குக் கீழே இறங்க விட்டேன். பார்டர் மடங்காமல் தோளில் நிறுத்தி, அவர் தோளைப் பிடித்துக் கண்ணாடிப் பக்கம் திருப்பினேன். எவ்வளவு இழுக்க வேண்டும், எங்கே தளர்த்த வேண்டும் என்று யோசிக்கவே இல்லை. இருபது வருடம் நான் குடியிருந்த அளவு அது. அண்ணாச்சி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். டீச்சர் புடவையைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். "நீங்களா! அடையாளமே தெரியலையே. இந்தக் கைய எனக்குத் தெரியுமேன்னு அப்பவே பாத்துண்டே இருந்தேன்" என்றார். அந்தப் புடவையையும் எடுத்தார், மயில்கழுத்து நிறத்தில் இன்னொன்றையும் எடுத்தார்.

அவர் போனதும் அண்ணாச்சி புடவையை உருவிப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். முகம் உம்மென்று இருந்தது. "என்னைய ஜவுளிக்கடை பொம்மையாக்கிட்டியேலே. அவ்ளோ நேரமா தொண்டை வத்தப் பேசுனது நானு, பேரு உனக்கு" என்றார். பெருந்தன்மையாகச் சிரித்து முதுகில் தட்டுவார் என்று நினைத்திருந்தேன். அவருக்கும் வயிறு எரிந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, ஆபரேஷனுக்கு அப்புறம் அதுதான் முதல் சந்தோஷம். அன்று மாலை டீக்குக் கீழே இறங்கும்போது, "நீ மட்டும் இப்படி எளச்சுப் படியேறுத, எனக்கு மூச்சு வாங்குது. உன்னையப் பாத்தா எரியுதுலே" என்றும் சொல்லிவிட்டார். எதைப் பார்த்து எரிகிறது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த வாரம் டாக்டர் வழக்கம்போலக் கேட்டார். "என் சட்டைய போட்டுகினு ஒர்த்தரு நின்னாரு டாக்டர். பொறாமையா இருந்துச்சி. அந்த எடம் எனக்கு வோணும்" என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "வேணும்னு சொல்லிட்டீங்க" என்றார். மாத்திரையை அப்புறமும் ரொம்ப நாள் சாப்பிட்டேன். அவர் குறைத்துத்தான் நிறுத்தினார், நானாக நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் ஜோடியாகத்தான் விற்றோம். நிற்பது அவர், கட்டுவது நான். யாரை வாடிக்கையாளர் தேடி வந்தார் என்று தினமும் சண்டை வரும். மொட்டை மாடியில் அவர் பழையபடி சத்தமாக அப்பளத்தை நொறுக்கினார். நான் வாய்விட்டுத் திட்டினேன். அப்படியே சில வருடங்கள் போயின. போன வருடம் அவருடைய மருமகன் கே.கே. நகரில் சொந்தமாக ஒரு சின்னப் புடவைக் கடை திறந்தார், அண்ணாச்சி அங்கே போய்விட்டார். போகும்போது என் கையில் சட்டைகளைக் கொடுத்து, "எண்ணிப் பாக்காதலே" என்றார். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன்.

இந்தக் கார்த்திகையில் டீச்சர் எங்கள் கடைக்கு வரவில்லை. பத்து நாள் பார்த்தேன், பதினைந்து நாள் பார்த்தேன். எனக்குப் புரிந்துவிட்டது. எங்கே போயிருப்பார் என்று தெரிந்ததும் அன்று ராத்திரி இரண்டு இட்லிகூட இறங்கவில்லை. இந்த முறை அதற்கு வயிறு காரணமில்லை. என் வார லீவு நாளில் பஸ் ஏறி கே.கே. நகர் போனேன். வெளியிலிருந்தே கண்ணாடி வழியாகத் தெரிந்தது. டீச்சர் உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி மெத்தைமேல் நின்றார். சொந்தக் கடை, என்ன சட்டை வேண்டுமானாலும் போடலாம். அவர் போட்டிருந்தது சந்தன நிறம், பையின் அடியில் நீலக் கறை. வயிறு ஒரு சுற்றுகூடக் குறையவில்லை. கையில் ஒரு ராமர் பச்சைப் புடவை, கொசுவம் பாதியில் நின்றது. எனக்கு வெளியே நின்றபடியே காது சூடானது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை, வா என்றும் சொல்லவில்லை. கையிலிருந்த கொசுவத்தை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி, வயிறு தெரிய நிமிர்ந்து நின்றுகொண்டார். "செருப்பக் கழத்திட்டு ஏறுலே" என்றார். "டீச்சர் வந்ததுலேந்து உன் கையத்தான் கேட்டுக்கிட்டு இருக்காவ."