தகவலாளர் நான்கு

அருப்புக்கோட்டையில் ஒரு கல்லூரியில் முதுகலை மாணவர்களுக்கு ஊடகக் கோட்பாடு நடத்தினேன். போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். அங்கே தியரி என்றாலே யாருக்கும் ஆகாது. மாணவர்கள் கேமரா எங்கே என்று கேட்பார்கள். ஆண்டுவிழாவுக்குப் போட்டோ எடுக்கத்தான் என் துறை இருக்கிறது என்பது முதல்வரின் நினைப்பு. சொல்லிச் சொல்லி அலுத்துப் போனேன்.

கடைசி பேட்ச்சில் முத்துலட்சுமி என்றொரு மாணவி. திருச்சுழிப் பக்கத்துக் கிராமம். பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுவதாக வாட்ஸ்அப்பில் ஒரு ஆடியோ வந்து, பெட்ஷீட் விற்க வந்த ஒருவரை அவள் ஊர்க்காரர்கள் அடித்துவிட்டார்கள். யார் சொன்னதால் ஊர் அதை நம்பியது என்பதுதான் அவள் டிசர்டேஷனுக்கு, அதாவது ஆய்வேட்டுக்கு, எடுத்த கேள்வி. ஒரு செய்தி நேராக ஜனங்களிடம் எடுபடுவதைவிட, அவர்கள் மதிக்கும் ஒருவர் வாய்வழியாக வரும்போதுதான் அதிகம் எடுபடுகிறது என்றொரு கோட்பாடு உண்டு. அந்த ஒருவரைத் தேடிப் போனவளுக்குச் சொந்தப் பெரியப்பாவே அகப்பட்டார்; ஆடியோவை ஊருக்குள் எல்லாருக்கும் அனுப்பியது அவர்தான். நான் வகுப்பில் நடத்தியபடி பெயரை மறைத்து, 'தகவலாளர் 4' என்று எழுதினாள்.

வீட்டில் அவள் தம்பி டிராஃப்டைப் பெரியப்பாவிடம் படித்துக் காட்டிவிட்டான். மறுநாளே அவர் முதல்வர் அறையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கூப்பிட்டார்கள்.

"பேரு போடலைங்கய்யா" என்றேன்.

"பேரு எதுக்கும்மா? டீக்கடை வச்சிருக்கவரு, முன்னாள் வார்டு மெம்பருன்னு எழுதியிருக்கு. எங்க ஊருல அது எத்தன பேரு?"

ஆய்வு நெறி என்று ஒரு யூனிட் முழுக்க நடத்தியிருக்கிறேன். அதை எழுதியவர்கள் இவ்வளவு சின்ன ஊரைப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

முதல்வர் பஞ்சாயத்தை முடித்துவிடப் பார்த்தார். "தலைப்ப மாத்திருங்க மேடம். டிவி சீரியலும் பெண்களும்னு போட்டா சோலி முடிஞ்சது."

வருடா வருடம் அதே சீரியல். எனக்குத் தலை வலித்தது.

வாசலில் நின்ற முத்துலட்சுமி உள்ளே வந்தாள். "டீக்கடை, மெம்பரு ரெண்டையும் எடுத்திருதேன் பெரியப்பா. நீங்க ஏன் அனுப்புனீகன்னு சொல்லுங்க, அதையும் எழுதுதேன்."

"பேத்தி தனியா பஸ்ஸுல பள்ளிக்கூடம் போறா. பயந்துட்டேன். வேறென்ன?" என்றவர் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். "எல்லாரையும் கேட்டியே, அடி வாங்குனவரக் கேட்டியா?"

தப்பிக்கத்தான் கேட்டார். ஆனால் நூறு பக்க ஆய்வில் அந்த மனிதர் பேசவே இல்லை என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது. வழிகாட்டி என்று கையெழுத்துப் போட்டவள் நான். என் மேலேயே எரிச்சல் வந்தது.

அடி வாங்கியவர் அருப்புக்கோட்டைக்காரர்தான். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். எங்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"வேண்டாம்மா. அடிச்சத வீடியோ எடுத்து விட்டாக. சொந்தக்காரங்க அத்தன பேரும் பாத்துட்டாக. இப்பத்தான் மறந்துக்கிட்டு வாராக. நீங்க வேற எழுதாதீக."

பெயர் வராது என்று சொல்ல வாயெடுத்தேன். முத்துலட்சுமி முந்திக்கொண்டாள். "சரிங்கண்ணே, எழுதல" என்று எழுந்துவிட்டாள்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு மதுரையிலிருந்து வந்த தேர்வாளர் முதலில் மார்ஜின் சரியில்லை என்றார். பிறகு ஃபாண்ட். கடைசியாக, "பாதிக்கப்பட்டவரோட பேட்டியே இல்லையேம்மா, ஆய்வு முழுமையாகலையே" என்றார்.

"போய்க் கேட்டோம் சார். அவுக வேண்டாம்னுட்டாக."

"ரெண்டு மூணு தடவ போயிருக்கணும். ரிசர்ச்னா விடாம கேட்கணும்."

"வேண்டாம்னவுகள எப்படி சார் விடாம கேக்குறது?"

அவர் மதிப்பெண்ணைக் குறைத்துப் போட்டார். சண்டை போட்டுப் பார்த்தேன், ஏறவில்லை. அவளுக்கு முதல் வகுப்பு கைநழுவிப் போனது. பஸ் ஸ்டாண்டு வரை நான்தான் புலம்பிக்கொண்டே போனேன்.

இப்போது யாராவது களப்பணிக்கு யோசனை கேட்டு வந்தால் கோட்பாட்டைக் கடைசியில்தான் எடுக்கிறேன். ஒருவர் பேச மாட்டேன் என்று சொன்னால் எழுந்து வந்துவிடு, மதிப்பெண் போனாலும் போகட்டும் என்பதைத்தான் முதலில் சொல்கிறேன்.