உள்ளங்கால் மட்டும் போதும்

மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்க்கும் பொம்மைக் கடைக்கு அவர் ஒரே ஒருமுறைதான் வந்தார். அறுபது வயதிருக்கும். வெள்ளை முண்டு, நெற்றியில் ஈரம் காயாத சந்தனம். எந்தப் பொருளைத் தொடுவதற்கு முன்னும் விரல்களை முண்டில் துடைத்துக்கொண்டார்.

ஆறு வீரர் பொம்மைகள் வாங்கினார். இப்போது வரும் இந்தப் பொம்மைகளின் வலது உள்ளங்காலில் ஒரு சிப் இருக்கிறது. அதன்மேல் போனை வைத்தால் அதே வீரன் கேமுக்குள் வந்துவிடுவான்.

பணம் கொடுத்ததும் மடியிலிருந்து சின்னக் கத்தி ஒன்றை எடுத்தார். குழந்தைக்கு நகம் வெட்டுகிற கவனத்தோடு, என் கண்ணெதிரே ஆறு பாதங்களையும் அறுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“சேட்டா, பொம்மை வேண்டாமா?”

“பேரக்குட்டி துபாய்ல அல்லே அண்ணாச்சி. நாளைக்கு எனக்கு பிளைட். பெட்டியில பலாச்சக்கை வறுத்ததுக்கே இடமில்ல. அவனுக்கு இது மட்டும் போதும்.”

உடல்களை வரிசையாகப் படுக்க வைத்தார். கைகளை நேராக்கினார். பழைய பேப்பர் ஒன்று கேட்டு வாங்கி மூடிவிட்டுப் போனார். அத்தனை மரியாதை தெரிந்த கை அந்தக் கத்தியை எப்படிப் பிடித்தது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

சாயங்காலம் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோனேன். நிற்காததால் சுவரில் சாய்த்து வைத்தேன். என் ஏழு வயது மகள் ஓடிவந்து எடுத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. தலைகீழாகத் திருப்பிக் காலைப் பார்த்தாள். பிறகு என்னிடமே நீட்டினாள்.

“அப்பா, இதில ஆளில்லல்லோ.”