தலையைச் சாய்த்தால் விழும் முகமூடி

துறைமுகப் பட்டறையில் வெல்டரான அவர், எங்கள் ஊர்ப் பாஸ்கா நாடகத்தில் இயேசுவுக்கு ஆணி அடிக்கும் ரோமைப் படைவீரன். கழுத்தெல்லாம் தீப்பொறி சுட்ட தழும்பு. எந்த வேலையைத் தொடங்கினாலும் தலையை வெடுக்கென முன்னால் சாய்ப்பார். வெல்டிங் முகமூடியை அப்படி இறக்கியே பழகிய கழுத்து.

நாடகத்தை இயக்கும் நான் கொடுத்த தகரத் தலைக்கவசத்திலும் ஒரு முகமூடி பொருத்தினார். முதலில் நடந்தாலே முகத்தின் மேல் விழுந்தது. திருகுகளுக்கு அடியில் சைக்கிள் டியூப்பை வெட்டி வைத்ததும், தலையைச் சாய்த்தால் மட்டும் விழுந்தது.

"இது எதுக்கு அண்ணாச்சி?"

"ரெண்டு கையிலயும் ஆணியும் சுத்தியலும் இருக்கும் சார். அவரு முகத்தப் பாத்தா எனக்குக் கை வராது."

புனித வெள்ளியன்று தலை சாய்ந்தது, முகமூடி விழுந்தது, சுத்தியல் இறங்கியது. நாடகம் முடிந்து எல்லோரும் வேடம் கலைத்தார்கள். அவர் மட்டும் முகமூடியைத் தூக்காமல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். இயேசுவாக நடித்தவர்தான் வந்து அதை ஒரு விரலால் தூக்கிவிட்டு, "எல்லாம் முடிஞ்சிட்டுலே, எந்திரி" என்றார்.